அப்ஸ்டெர்கோ, அனிமஸ், முன்னோர் நினைவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அசாசின்ஸ் கிரீட் கேம் வரிசையை விளையாடி முடித்தவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறார்கள்: டிஎன்ஏவுக்குள் தாத்தா பாட்டியின் நினைவு நிஜமாகவே இருக்குமா, ஒரு கம்பெனி அதை எடுத்து விற்க முடியுமா? அந்தக் கேள்விகளையும் அவற்றோடு ஒட்டி வருகிறவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். கதையின் முக்கியத் திருப்பங்கள் வரும், இன்னும் விளையாடாதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்ஸ்டெர்கோ நிஜக் கம்பெனியா?

இல்லை. யூபிசாஃப்ட்டின் மான்ட்ரியல் ஸ்டூடியோ உருவாக்கி 2007 நவம்பரில் வெளிவந்த முதல் கேமில் அறிமுகமாகும் கற்பனை நிறுவனம். வெளியே பார்த்தால் மருந்து, தொழில்நுட்பம் என்று பெரிய கார்ப்பரேட், உள்ளே டெம்ப்ளர்கள். டெம்ப்ளர் வீரர்கள் மட்டும் நிஜம்: 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெருசலேமில் உருவான கிறிஸ்தவப் போர்த் துறவியர் சபை, 1312இல் போப் அதைக் கலைத்துவிட்டார். கதையில் அவர்கள் அழியவில்லை, கோட் சூட்டுக்கு மாறிவிட்டார்கள்.

அனிமஸ் என்ன செய்யும்?

மதுக்கூடத்தில் வேலை பார்க்கும் டெஸ்மண்ட் மைல்ஸ் என்ற இளைஞனை 2012 செப்டம்பரில் அப்ஸ்டெர்கோ கடத்திக்கொண்டு போகிறது. அவனுடைய சொந்த வாழ்க்கையில் அவர்களுக்கு எந்த அக்கறையும் இல்லை, அவன் உடம்பில் ஓடும் டிஎன்ஏ மட்டும்தான் வேண்டும். கட்டில் மாதிரியான ஒரு இயந்திரத்தில் படுக்க வைக்கிறார்கள், அதுதான் அனிமஸ். அவனுடைய முன்னோர்களில் ஒருவரான அல்தாயிர் 1191இல், மூன்றாம் சிலுவைப் போர் நடந்த காலத்தில், டமாஸ்கஸிலும் ஏக்கர் என்ற கோட்டை நகரத்திலும் ஜெருசலேமிலும் பார்த்ததை, செய்ததை டெஸ்மண்ட் மறுபடி வாழ்கிறான். கம்பெனி தேடுவது மனித மனங்களைக் கட்டுப்படுத்தும் பழங்காலக் கருவி ஒன்றை. அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று அந்த முன்னோருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

கதைக்குள்ளாவது இதற்கு ஒழுங்கான விதிகள் உண்டா?

உண்டு, இந்த வரிசையில் எனக்கு ரொம்பப் பிடித்ததும் அதுதான். முன்னோர் செய்யாத காரியத்தை நீங்கள் செய்தால் (உதாரணமாக அப்பாவி மக்களைக் கொன்றால்) ஒத்திசைவு குலைந்து நினைவு அறுந்துபோகும். கேமில் தோற்றுப் போவதற்கே கதைக்குள் ஒரு காரணம் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது விதி இன்னும் அழகு. பிள்ளை கருவான நொடியோடு பெற்றவரின் நினைவு நின்றுவிடும், ஏனென்றால் அதற்குப் பிறகு நடந்தது எதுவும் பிள்ளைக்குப் போகாதே. அதனால்தான் 2011இல் வந்த ரெவலேஷன்ஸ் கேமில் அல்தாயிரின் முதுமையைக் காட்ட வேண்டி வந்தபோது டிஎன்ஏவை விட்டுவிட்டு, அவர் தன் நினைவுகளைப் பதித்து வைத்த தனிச் சாவிகளைக் கொண்டு வந்தார்கள். பின்னாடி வந்த கேம்களில் செத்தவரின் உடலிலிருந்தே மாதிரி எடுக்கிற வழி வந்ததும் இந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

மூன்றாவது, அனிமஸில் அதிக நேரம் இருந்தால் முன்னோரின் வாழ்க்கை உங்களுடையதோடு கலந்துவிடும். டெஸ்மண்டுக்கு இதனால் வாள் சண்டை கைவருகிறது. அவனுக்கு முன்னால் அதே ஆய்வகத்தில் இருந்த பதினாறாம் எண் ஆளுக்கோ தான் யார் என்பதே குழம்பிப்போய், தன் ரத்தத்தாலேயே சுவரில் எழுதி வைத்துவிட்டுச் செத்துப்போகிறான்.

சரி, நிஜத்தில் டிஎன்ஏவில் நினைவு இருக்கிறதா?

இல்லை. நீங்கள் நேற்று பார்த்த முகம், பத்து வயதில் விழுந்து முட்டி உடைத்துக்கொண்டது, பாட்டியின் குரல், எதுவுமே டிஎன்ஏவில் எழுதப்படுவதில்லை.

நினைவு இருப்பது மூளையில் நரம்பு செல்களுக்கு இடையே உள்ள இணைப்புகளில். மனித மூளையில் சுமார் 8600 கோடி நரம்பு செல்கள், ஒவ்வொன்றுக்கும் ஆயிரக்கணக்கான இணைப்புகள். ஒன்றைக் கற்றுக்கொள்ளும்போது இந்த இணைப்புகளில் சில வலுக்கின்றன, சில தளர்கின்றன. அமெரிக்காவில் ஹென்றி மோலைசன் என்பவருக்கு 1953இல் வலிப்பு நோய்க்காக அறுவை சிகிச்சை செய்து, மூளையின் இரு பக்கமும் ஹிப்போகேம்பஸ் பகுதியில் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து 2008இல் இறக்கும்வரை அவரால் புதிதாக நடந்த எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை, பல ஆண்டுகள் தன்னைச் சோதித்த ஆராய்ச்சியாளரைக்கூட ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் சந்தித்தார். அவர் உடம்பில் ஒவ்வொரு செல்லிலும் டிஎன்ஏ அப்படியே முழுசாக இருந்தது. போனது மூளையின் ஒரு பகுதி மட்டும்தான்.

இடப் பற்றாக்குறையும் இருக்கிறது. மனித ஜீனோமில், அதாவது நம் முழு டிஎன்ஏ தொகுப்பில், ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். ஒரு எழுத்துக்கு இரண்டு பிட் என்று கணக்குப் போட்டால் 750 மெகாபைட் அளவு வரும், ஒரு டிவிடியில் தாராளமாக அடங்கிவிடும். அதில் கை, கால், ஈரல், கண் எல்லாம் கட்டுவதற்கான செய்தி போக, ஆயிரம் பேருடைய முழு வாழ்க்கையும் காட்சியாக எங்கே உட்காரும்?

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை, மூளையிலிருந்து விந்தணுவுக்கோ கருமுட்டைக்கோ நினைவை எடுத்துப் போகிற வழியே இல்லாதது. உடம்பின் மற்ற செல்களுக்கு நடப்பது இனப்பெருக்க செல்களில் எழுதப்படுவதில்லை என்று ஜெர்மன் உயிரியலாளர் ஆகஸ்ட் வைஸ்மன் 19ஆம் நூற்றாண்டிலேயே வாதிட்டார். தலைமுறை தலைமுறையாக எலிகளின் வாலை வெட்டிப் பார்த்தார், பிறந்த குட்டிகள் எல்லாம் வாலோடுதான் பிறந்தன. பெண்கள் விஷயத்தில் இது இன்னும் தெளிவு. நீங்கள் எந்தக் கருமுட்டையிலிருந்து வந்தீர்களோ அது உங்கள் அம்மா தன் அம்மாவின் வயிற்றில் சிசுவாக இருந்தபோதே உருவாகிவிட்டது. அம்மா பள்ளிக்கூடம் போனது, கல்யாணம் பண்ணிக்கொண்டது எல்லாம் அதற்கு அப்புறம் நடந்தவை.

பறவைகளுக்கு யாரும் சொல்லித் தராமலே வழி தெரிகிறதே, அது முன்னோர் நினைவுதானே?

கேமில் அப்ஸ்டெர்கோவின் விஞ்ஞானியான டாக்டர் வாரன் விடிக் என்பவரும் டெஸ்மண்டிடம் இதைத்தான் சொல்லி நம்ப வைக்கிறார். நியாயமான கேள்விதான். காக்கை கூட்டில் பொரிந்து காக்கையால் வளர்க்கப்பட்ட குயில் குஞ்சு, பெரிதானதும் குயிலாகத்தான் கூவுகிறது, காக்கையாகக் கரைவதில்லை.

ஆனால் இது உள்ளுணர்வு, நினைவு வேறு. ஐரோப்பாவில் பிளாக்கேப் என்றொரு சிறு பறவை உண்டு. அதில் குளிர்காலத்துக்குத் தென்மேற்காகப் பறக்கும் கூட்டமும் இருக்கிறது, தென்கிழக்காகப் பறக்கும் கூட்டமும் இருக்கிறது. ஜெர்மனியில் ஆராய்ச்சியாளர்கள் இரண்டையும் கூண்டில் கலந்து இனவிருத்தி செய்து பார்த்தார்கள். பிறந்த குஞ்சுகள் இரண்டுக்கும் நடுவே, தெற்குப் பக்கமாகப் பறக்க முயன்றன. அப்பா வழியையோ அம்மா வழியையோ அவை "ஞாபகம்" வைத்திருந்தால் இரண்டில் ஒன்றைத்தான் பிடித்திருக்கும். உயரமும் நிறமும் கலந்து வருவதுபோல் திசையும் கலந்து வந்திருக்கிறது. அதாவது ஜீன்கள் மூளையை ஒரு பக்கம் சாய்கிற மாதிரிக் கட்டித் தருகின்றன. வீட்டு பிளானைப் பார்த்து வாசல் எந்தத் திசை என்று சொல்லிவிடலாம், அந்த வீட்டில் யார் கல்யாணம் நடந்தது என்று சொல்ல முடியாது.

எலிக்குத் தாத்தாவின் பயம் வந்தது என்று ஒரு ஆராய்ச்சி வந்ததே?

வந்தது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் பிரையன் டயஸ், கெரி ரெஸ்லர் இருவரும் செய்தது, அச்சில் வந்தது 2014இல். அசிட்டோபீனோன் என்ற ரசாயனத்தின் வாசனையைக் காட்டும்போதெல்லாம் ஆண் எலிகளின் காலில் மின் அதிர்ச்சி கொடுத்தார்கள், கொஞ்ச நாளில் வாசனை வந்தாலே அவை நடுங்கின. அப்புறம் அவற்றின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் சோதித்தபோது, வாழ்க்கையில் அந்த வாசனையையே அறியாத அந்த எலிகளும் அதற்குக் கூடுதலாக அதிர்ந்தன. மூக்கிலிருந்து செய்தி போகும் மூளைப் பகுதியில் அந்த வாசனைக்கான இடமும் பெரிதாக இருந்தது.

அருமையான சோதனை, நான் இதை ஒதுக்கித் தள்ளச் சொல்லவில்லை. ஆனால் முடிவுகள் நம்ப முடியாத அளவுக்குச் சீராக இருக்கின்றன என்று புள்ளியியல் பக்கமிருந்து கேள்வி வந்தது. மூக்கும் மூளையும் கற்றுக்கொண்ட செய்தி விந்தணுவரை எப்படிப் போனது என்பதற்கும் முழு விளக்கம் கிடைக்கவில்லை. எல்லாமே சரி என்று வைத்துக்கொண்டாலும் பேரன் எலிக்குக் கிடைத்தது என்ன? ஒரு வாசனைக்குக் கொஞ்சம் கூடுதல் உணர்ச்சி. தாத்தா எந்தக் கூண்டில் இருந்தார், யார் அதிர்ச்சி கொடுத்தார் என்பது கிடைக்கவில்லை. அனிமஸுக்குத் தேவைப்படுவது இந்தக் கூண்டும் அந்த ஆளும்தான்.

முன்னோர் பட்ட பஞ்சமும் போரும் நம் உடம்பில் தங்கியிருக்கும் என்கிறார்களே?

இங்கே கவனமாகப் பேச வேண்டும், ஏனென்றால் இது நிஜ மனிதர்களின் துயரம். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் படை உணவுப் போக்குவரத்தை மறித்ததால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் கடும் பஞ்சம் வந்தது. அந்தப் பஞ்ச மாதங்களில் கருவானவர்களை ஏறத்தாழ 60 ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது, வளர்ச்சியோடு தொடர்புள்ள ஐஜிஎஃப்2 என்ற ஜீனின் மேல் ஒட்டியிருக்கும் ரசாயனக் குறிகள் அவர்களுடைய உடன்பிறந்தவர்களைவிடக் குறைவாக இருந்தன. ஜீனின் எழுத்து மாறவில்லை, அதை எவ்வளவு படிக்க வேண்டும் என்ற குறிதான் மாறியிருந்தது.

ஆனால் இவர்கள் பஞ்சத்தைப் பரம்பரையாகப் பெறவில்லை, அம்மாவின் வயிற்றிலேயே நேரடியாகப் பட்டினி கிடந்தார்கள். அந்தச் சிசு பெண் என்றால் அவளுக்குள் உருவாகிக்கொண்டிருந்த கருமுட்டைகளும் சேர்ந்தே பட்டினி கிடந்தன, ஆக ஒரே பஞ்சம் மூன்று தலைமுறையை ஒரே நேரத்தில் தொட்டிருக்கிறது. அதற்குப் பின்னும் தொடர்கிறதா என்பதை மனிதர்களில் பிரித்துப் பார்ப்பது மிகவும் கடினம், ஏனென்றால் வீட்டில் சொல்லப்பட்ட கதைகள், வறுமை, பெற்றோர் பிள்ளையை வளர்த்த விதம் எல்லாம் கூடவே வருகின்றன. தவிர, கரு உருவாகும் ஆரம்பக் கட்டத்தில் இந்தக் குறிகளில் பெரும்பாலானவை அழித்து எழுதப்படுகின்றன. துயரம் தலைமுறை தாண்டி வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் அது பெரும்பாலும் வீட்டின் வழியாக வருகிறது.

பூர்வ ஜென்ம ஞாபகமும் இதுவும் ஒன்றா?

இல்லை. மறுபிறவி நம்பிக்கையில் ஆன்மா எந்த வீட்டில் வேண்டுமானாலும் பிறக்கலாம், ரத்த உறவு தேவையே இல்லை. அனிமஸ் கதை முழுக்க ரத்த வழியில் நிற்கிறது. இரண்டையும் கலந்து "டிஎன்ஏ மூலம் முற்பிறவி பார்க்கிறோம்" என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

1191இல் வாழ்ந்த ஒரு முன்னோரின் டிஎன்ஏ என்னிடம் இருக்குமா?

இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். 1191இலிருந்து இன்றைக்கு ஏறத்தாழ 30 தலைமுறை. ஒவ்வொரு தலைமுறைக்கும் இரண்டு மடங்கு என்று ஏற்றிக்கொண்டே போனால் முப்பதாவது படியில் 107 கோடி இடங்கள் வரும். அன்றைக்கு உலக மக்கள்தொகையே அதில் பாதியைத் தொடவில்லை, அதனால் ஒரே ஆள் பல இடங்களில் திரும்பத் திரும்ப வருவார், மாமன் மகள் அத்தை மகன் கல்யாணங்கள் நிறைந்த நம் ஊர்களில் இன்னும் அதிகமாக. ஆனால் உங்கள் டிஎன்ஏ, ஒவ்வொரு தலைமுறையிலும் வெட்டிக் கலைந்து வரும்போது, அந்த அடுக்கில் சுமார் 2000 துண்டுகளாகத்தான் பிரிந்திருக்கும். மீதி அத்தனை இடங்களிலிருந்தும் உங்களுக்கு ஒரு எழுத்துகூட வரவில்லை. அவர்கள் உங்கள் வம்சாவளியில் உண்டு, உடம்பில் இல்லை.

விதிவிலக்கு இரண்டு. அப்பாவின் அப்பாவின் அப்பா என்று போகும் ஒய் குரோமோசோம், அம்மாவின் அம்மாவின் அம்மா என்று போகும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ. இந்த இரண்டும் பெரும்பாலும் கலையாமல் வரும்.

மதுரைப் பக்கம் ஒருவருக்கு ஆதிமனிதனின் ஜீன் இருந்தது என்றார்களே, அது என்ன?

எம்130 என்ற ஒய் குரோமோசோம் அடையாளம். மதுரை காமராஜர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் மதுரைக்கு அருகே ஒரு கிராமத்தில் கண்டது, அமெரிக்க மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸ் மூலமாக உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பி ஆசியா வழியாக ஆஸ்திரேலியா வரை போன ஆதி மனிதர்களின் வழித்தடத்துக்கு இந்த அடையாளம் ஒரு சாட்சி. இதே வெல்ஸ் தலைமையில் நேஷனல் ஜியாக்ரஃபிக்கும் ஐபிஎம்மும் 2005இல் ஜீனோகிராஃபிக் என்ற பெரிய திட்டத்தைத் தொடங்கின.

"ஆதிமனிதனின் ஜீன் அவரிடம் மட்டும்" என்று புரிந்துகொள்ளாதீர்கள், நம் எல்லாருடைய டிஎன்ஏவும் அதே அளவு பழசுதான். அந்த அடையாளம் ஒரு வழியைக் காட்டுகிறது. அந்த வழியில் நடந்தவர் கடலைப் பார்த்து என்ன நினைத்தார் என்பதைக் காட்டாது.

எலும்பு, மம்மியிலிருந்து நினைவை எடுக்கலாமா? ஆரிஜின்ஸில் அப்படித்தானே?

2017இல் வந்த ஆரிஜின்ஸில் லைலா ஹசன் எகிப்தில் மம்மியின் டிஎன்ஏவை வைத்துப் பாயெக் என்ற பழங்கால எகிப்தியனின் வாழ்க்கைக்குள் போகிறாள். நினைவு எடுக்க முடியாது, டிஎன்ஏ எடுக்கலாம். அழிந்துபோன மனித இனமான நியாண்டர்தாலின் எலும்பிலிருந்து ஜீனோம் படித்த ஸ்வாந்தே பாபோவுக்கு 2022இல் நோபல் பரிசு கிடைத்தது. வெப்பமும் ஈரமும் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும், நம் ஊர் மண்ணில் பழைய எலும்புகளிலிருந்து எடுப்பது கஷ்டமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

அப்படியானால் எல்லாமே கற்பனை, இதில் பேச என்ன இருக்கிறது?

நினைவு மட்டும்தான் கற்பனை. 2013இல் வந்த பிளாக் ஃபிளாக் கேமைப் பாருங்கள். அதற்குள் டெஸ்மண்ட் செத்துவிட்டான். அவன் உடலை அப்ஸ்டெர்கோ கைப்பற்றி மாதிரிகள் எடுத்து வைத்துக்கொள்கிறது, மாதிரி 17 என்று அதற்குப் பெயர். நீங்கள் மான்ட்ரியலில் அப்ஸ்டெர்கோ என்டர்டெயின்மென்ட்டின் புது ஊழியர். நல்ல ஆபீஸ், கண்ணாடிச் சுவர், அன்பாகப் பேசும் மேலதிகாரிகள். மேசையில் உட்கார்ந்து செத்தவனின் முன்னோரான எட்வர்ட் கென்வேயின் வாழ்க்கையைப் படித்து, கடற்கொள்ளையர் பொழுதுபோக்குச் சரக்காக மாற்றித் தர வேண்டும். மற்ற கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்து பார்த்தால் டெஸ்மண்டின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகள் கிடைக்கும். அவனுடைய அப்பா உயிரோடு இருக்கிறார், அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வரிசையில் என்னை உண்மையிலேயே நடுங்க வைத்தது இந்த ஆபீஸ்தான், கத்திச் சண்டைகள் இல்லை.

அவெலின் என்ற பெண்ணின் கதையைச் சொல்லும் லிபரேஷன் கேமும் அந்த உலகத்தில் அப்ஸ்டெர்கோ விற்கும் சரக்குதான். வேண்டாத இடங்களை வெட்டி, தங்களுக்கு வசதியாகத் திருத்தி விற்கிறார்கள். வெளியிலிருந்து ஒரு குழு ஊடுருவி விடுபட்டதைக் காட்டுகிறது. ஒருவரின் வாழ்க்கையை யார் கையில் வைத்திருக்கிறார்களோ அவர்கள் சொல்வதுதான் வரலாறாகிவிடும் என்பது இதைவிடத் தெளிவாக வந்து நான் பார்த்ததில்லை.

கேட்காமல் எடுத்துப் பயன்படுத்துவது நிஜத்தில் நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 1951இல் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து அவருக்குத் தெரியாமல் எடுத்த செல்கள் இன்றுவரை உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்கின்றன. அவர் அதே ஆண்டு இறந்துவிட்டார். 2013இல் அந்தச் செல்களின் ஜீனோமையே குடும்பத்திடம் கேட்காமல் வெளியிட்டார்கள். அதில் அவர் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பற்றிய செய்தியும் இருக்கிறதே? எதிர்ப்பு வந்த பிறகுதான் யார் பார்க்கலாம் என்று முடிவு செய்யும் குழுவில் குடும்பத்தாருக்கு இடம் கிடைத்தது.

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பகுதியில் வாழும் ஹவசுபாய் பழங்குடியினர் 1990களில் சர்க்கரை நோய் ஆராய்ச்சி என்று நம்பி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு ரத்தம் கொடுத்தார்கள். அதை மனநோய் ஆராய்ச்சிக்கும், அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்ற ஆராய்ச்சிக்கும் பயன்படுத்தியது பிறகு தெரிய வந்தது. தாங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது அவர்களுடைய நம்பிக்கை, அதற்கு எதிராகத் தங்கள் ரத்தமே பயன்பட்டதை அவர்களால் தாங்க முடியவில்லை. 2010இல் ஏழு லட்சம் டாலர் இழப்பீட்டோடு ரத்த மாதிரிகளும் திரும்பக் கிடைத்தன.

ஐஸ்லாந்தில் நாட்டு மக்கள் எல்லாருடைய மருத்துவப் பதிவுகளையும் ஒரே தளத்தில் சேர்க்க 1998இல் சட்டம் போட்டார்கள், அதை நடத்தும் உரிமை டிகோட் ஜெனடிக்ஸ் கம்பெனிக்கு. இறந்துபோன தன் அப்பாவின் பதிவைச் சேர்க்கக் கூடாது என்று ஒரு மகள் வழக்குப் போட்டாள். அப்பாவைப் பற்றிய செய்தியிலிருந்து மகளைப் பற்றியும் தெரிந்துகொள்ளலாம், எனவே தடுக்க அவளுக்கு உரிமை உண்டு என்று 2003இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. டெஸ்மண்டின் அப்பா கேட்டிருக்க வேண்டிய வழக்கு இது.

டிஎன்ஏ சோதனைக்கு நான் எந்தக் கம்பெனிக்கும் எச்சில் கொடுக்கவில்லை, எனக்கு என்ன?

உங்கள் சித்தப்பா மகன் கொடுத்திருக்கலாம். அமெரிக்காவில் 1970, 80களில் தொடர் கொலைகள் செய்த முன்னாள் போலீஸ்காரர் ஒருவரை 2018 ஏப்ரலில் கைது செய்தார்கள். அவர் தன் டிஎன்ஏவை எங்கும் பதிவு செய்யவில்லை. அவரே அறியாத தூரத்துச் சொந்தங்கள் வம்சாவளி பார்க்கும் ஆசையில் பதிவு செய்திருந்தார்கள், அங்கிருந்து குடும்ப மரத்தைக் கட்டிக்கொண்டே வந்து போலீஸ் அவர் வீட்டு வாசலில் நின்றது. ஒரு கொலைகாரர் பிடிபட்டதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இந்த வழி எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது.

கம்பெனி திவாலானால் என் டிஎன்ஏ என்னவாகும்?

கம்பெனியின் சொத்தாகக் கைமாறும். எச்சில் டப்பா அனுப்பி வம்சாவளி சொல்லும் 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023இல் சுமார் 69 லட்சம் பேரின் தகவல்கள் திருடுபோயின. 2025 மார்ச்சில் அது திவால் மனு கொடுத்தது, அப்போது கலிஃபோர்னியா மாநில அட்டர்னி ஜெனரலே மக்களிடம் தங்கள் தகவலை அழித்துவிடும் உரிமை இருப்பதை நினைவூட்டினார். கடைசியில் அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆன் வோஜ்சிக்கியின் அமைப்பே 30.5 கோடி டாலருக்கு வாங்கியது. பாஸ்வேர்டு போனால் மாற்றலாம், வங்கி அட்டை போனால் முடக்கலாம், இதை மாற்ற முடியாது.

நான் ஏற்கெனவே அனுப்பிவிட்டேன், இப்போது என்ன செய்வது?

பதற வேண்டாம். முதலில் உங்கள் முழு டேட்டா கோப்பை இறக்கி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள், அழித்த பிறகு திரும்பக் கிடைக்காது. அப்புறம் ஆராய்ச்சிக்குக் கொடுத்த சம்மதத்தை ரத்து செய்யுங்கள், ஏற்கெனவே முடிந்த ஆராய்ச்சிகளில் சேர்ந்துவிட்டதைப் பிரித்தெடுக்க முடியாது என்றாலும் இனி சேராது. சேமித்து வைத்திருக்கும் எச்சில் மாதிரியை அழிக்கச் சொல்வது பல இடங்களில் கணக்கை அழிப்பதிலிருந்து தனியான வேலை, இரண்டையும் செய்ய வேண்டும். அழித்துவிட்டோம் என்ற மின்னஞ்சல் வந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். உறவினர் தேடும் வசதியைப் பயன்படுத்தியிருந்தால் அதில் உங்களோடு பொருந்தி வந்த அண்ணன் தம்பி, அக்கா தங்கை, சித்தப்பா, அத்தை எல்லாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அது அவர்களுடைய டிஎன்ஏவும்தான்.